கட்டிப்போட்டுக் காப்பது அறமா?

1952-ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் மலாயாவின் தஞ்சோங் மாலிம் நகரம் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டது. ஊருக்கு வரும் தண்ணீர்க் குழாயைக் கம்யூனிஸ்டுகள் உடைத்துவிட, 25-ஆம் தேதி அதைச் சரிசெய்யப் போன குழுவைக் காட்டில் பதுங்கியிருந்து சுட்டார்கள். உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் காட்னரும் இன்னும் பதினொரு பேரும் இறந்தார்கள். பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துக் கடுமையாகப் பேசினார். நாளுக்கு 22 மணி நேர ஊரடங்கு என்று அறிவித்தார். மிச்சம் இரண்டு மணி நேரத்துக்குள் கடைக்குப் போய் வர வேண்டும். அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்கள். பள்ளிக்கூடம் இல்லை, பஸ் இல்லை, ஊரைவிட்டு யாரும் வெளியேற முடியாது. ஏறத்தாழ இரண்டு வாரம் ஊர் அப்படிக் கிடந்தது. ஒரு ஊரையே தண்டிப்பது நியாயமா என்று இங்கிலாந்திலேயே கேள்வி எழுந்தது.

செத்துப்போன காட்னர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1943-இல் ஜெர்மானியப் போர்க் கைதிகள் முகாமில், உடற்பயிற்சிக்கு வைத்திருந்த மரக்குதிரையின் மறைவில் சுரங்கம் தோண்டித் தப்பிய மூவரில் ஒருவர் அவர். அடைபட்டுக் கிடப்பது எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த மனிதர்.

அந்த ஊரடங்கில் பள்ளிக்கூடப் பையனாக இருந்த ஒருவர் இப்போது எண்பத்தைந்து வயதைத் தாண்டி, ஊரை ஒட்டிய ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். லாரி ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதிலிருந்து அவரை முன்னால் பலகை பூட்டிய சாய்வு நாற்காலியில்தான் உட்கார வைக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டு வைக்கத்தான் பலகை என்பார்கள். ஆனால் அவராக அதைக் கழற்ற முடியாது. யாராவது வந்து கழற்றிவிட்டால்தான் எழுந்திருக்கலாம். பழைய ஊரடங்கைப் பற்றி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா அரிசியை டம்ளரில் அளந்து போட்டதைச் சொன்னார். அந்த இரண்டு மணி நேரம் வந்ததும் தெருவில் பெரியவர், சின்னவர் எல்லாரும் ஓடியதைச் சொன்னார். பிறகு பலகையை விரலால் தட்டினார்.

“அப்பவாவது ரெண்டு மணி நேரம் விட்டாங்க, மிஸ்ஸி.”

நான் அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தோட்டத்து ஆட்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸி. ஓய்வு பெற்றாலும் மிஸ்ஸிதான். பெஹ்ராங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தேன். அம்மா பால்வெட்டினார், என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு இருட்டோடு கிளம்பிப் போவார். இப்போது சுற்றுவட்டார இல்லங்களுக்குப் போய், முதியவர்களைக் கைப்பிடித்து நடக்க வைக்கிறேன், நகம் வெட்டிவிடுகிறேன், முதுகில் புண் வைத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் சைவ சித்தாந்த வகுப்பில் உட்காருகிறேன். வகுப்பில் உயிரின் விடுதலையைப் பற்றிப் படித்துவிட்டு மறுநாள் காலையில் இல்லத்துக்குப் போனால், இடுப்பில் கைலித் துணியைச் சுற்றி நாற்காலியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் கிழவியைப் பார்க்கிறேன். விழாமல் காப்பதற்காக ஓர் உயிரைக் கட்டிப்போடலாமா? இந்தக் கேள்வியை நான் எங்கே போய்க் கேட்பது? கோயிலிலும் கேட்க வேண்டிய கேள்விதான் இது என்று நினைக்கிறேன்.

கட்டுவது என்றால் கயிறு மட்டும் இல்லை. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பைத் தூக்கிப் பூட்டுவதும் கட்டுதான். சக்கர நாற்காலியைச் சுவரோரம் தள்ளிச் சக்கரத்தைப் பூட்டிவிடுவது, கைத்தடியை அலமாரி மேல் எட்டாத உயரத்தில் வைப்பது, செருப்பை ஒளிப்பது, மூக்குக் குழாயைப் பிடுங்குகிறார் என்று கையில் பஞ்சுறை மாட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போக ஆள் இல்லாததால் நடக்கத் தெரிந்தவருக்கும் பேம்பர்ஸ் போட்டுப் படுக்க வைப்பது எல்லாமே கட்டுதான். எல்லாவற்றையும்விடக் கண்ணுக்குத் தெரியாத கட்டு, இரவு முழுக்க அசையாமல் தூங்கக் கொடுக்கும் மாத்திரை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் அந்த மாத்திரை ஆளைத் தலை தொங்க வைத்திருக்கும்.

இதையெல்லாம் செய்பவர்கள் கொடியவர்கள் இல்லை. தரை வீட்டை இல்லமாக மாற்றி நடத்துபவர், மாதக் கட்டணம் கட்டத் திணறும் பிள்ளைகளிடம் கூடுதலாகக் கேட்க முடியாமல் நடத்துகிறார். இரவில் ஒரே பெண் இருப்பாள். இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவள். முன்னறையில் ஒருவர் எழுந்து நடந்தால் பின்னறையில் ஒருவர் வாந்தி எடுப்பார். அவள் என்னதான் செய்வாள்? மகன் வந்து என்னிடம் சொல்கிறார்: “கட்டலன்னா விழுந்துருவாங்க மிஸ்ஸி. இடுப்பெலும்பு ஒடைஞ்சா அவ்வளவுதான். யாரு பொறுப்பு?” அவர் குரலில் பாசமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிந்து வந்த எத்தனையோ முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். பலர் பிறகு தங்கள் காலில் வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஆனாலும் அந்த மகன் சொல்வதில் ஒன்றை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் அம்மா தினமும் விடிகாலை நாலு, நாலரை மணிக்கு எழுந்துவிடுவார். “பெரட்டுக்கு நேரமாயிருச்சு, மண்டோரு கத்துவான், வாளி எங்கடி?” என்று கட்டிலைவிட்டு இறங்கப் பார்ப்பார். நாற்பது வருஷம் அந்த நேரத்துக்கு எழுந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனவர். கத்தியும் மங்கும் வாளியும் அவருடைய உடம்பில் ஊறியவை. தோட்டம் செம்பனைக்குப் போய் வெகுகாலம் ஆகிறது, லயமும் இடிந்தாயிற்று. அம்மாவுக்கு மட்டும் இன்னும் பெரட்டு நடக்கிறது. அதற்காகத்தான் இராத்திரியில் அவரைக் கட்டிலோடு கட்டி வைத்தார்கள். மகன் சொன்னது இது: “அது அம்மா இல்ல மிஸ்ஸி. வியாதிதான் எந்திரிக்கச் சொல்லுது.”

அப்படியானால், எழுந்து நடக்க ஆசைப்பட்டது யார்?

எங்கள் வகுப்பில் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தைப் படித்தபோது இந்தப் பாட்டிதான் என் மனத்தில் வந்து நின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரங்களில் சொன்ன நூல் அது. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் ஆகிய கருவிகளில் எதுவும் உயிர் ஆகாது என்கிறது அந்தச் சூத்திரம். அரசன் அமைச்சர்களோடு சேர்ந்து ஆள்வது போல உயிர் அந்தக் கருவிகளோடு சேர்ந்து தொழிற்படுகிறது. நனவிலிருந்து கனவுக்கும் உறக்கத்துக்கும் அதற்கும் கீழே உள்ள நிலைகளுக்கும் போகப் போகக் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும். கருவி கழன்றாலும் உயிர் அங்கேதான் இருக்கிறது. இதைத் தூக்கத்தை வைத்தும் மயக்கத்தை வைத்தும் நமக்கு விளக்குவார்கள். முதுமையில் மறதி நோய் வந்தவரை வைத்து யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

பாட்டியின் நினைவு என்ற அமைச்சர் தப்புத் தகவல் கொடுக்கிறார்: இது தோட்டம், இது 1970, மண்டோர் காத்திருக்கிறார் என்று. தகவல் தப்பு. ஆனால் எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்ற இச்சை பாட்டியுடையது. உயிருக்கு இச்சை, அறிவு, செயல் என்று மூன்று ஆற்றல்கள் உண்டு என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் நாம். அறிவு மங்கியது என்பதற்காக இச்சையையும் செயலையும் சேர்த்துப் பிடுங்கிக்கொள்ள யாருக்கு உரிமை இருக்கிறது?

சித்தாந்தம் இன்னொன்றும் சொல்கிறது. தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கையும் இறைவன் உயிர்களுக்குக் கொடுக்கிறான். உடம்பு, கருவிகள், உலகம், நுகர்ச்சி. இந்த நான்கின் வழியாக வினையை அனுபவித்துக் கழித்துத்தான் உயிர் பக்குவப்படுகிறது. சாகும்வரை இந்தக் கொடை நிற்பதில்லை. எண்பது வயதானவருக்குப் புவனம் போதும், போகம் போதும் என்று எந்த ஆசிரியரும் எழுதவில்லை. நாற்காலியில் பலகை பூட்டியவருக்குத் தனு இருக்கிறது, புவனம் இல்லை. சுவரில் ஒரு தொலைக்காட்சி, எதிரே இன்னொரு நாற்காலி, கிரில் கதவுக்கு வெளியே யாரோ போகிற சத்தம். மழை வந்தால் நனைகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கக்கூட முடியாது. இறைவன் கொடுத்ததை நாம் பறித்துவிட்டு, மாலையில் அவருக்குத் திருநீறு பூசிவிட்டால் சரியாகிவிடுமா?

“அதெல்லாம் சரி, வழியிலே விழுந்து செத்தால்?” என்று வகுப்பில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. நான் அவருக்கு அப்பரைத்தான் பதிலாகச் சொன்னேன்.

பெரியபுராணத்தில் அப்பர் என்ற திருநாவுக்கரசர் கயிலைக்குப் போகும் பகுதி பலரும் கேட்டதுதான். அதை ஒரு முதியவரின் கதையாக மட்டும் திரும்பப் படித்துப் பாருங்கள். நீற்றறையில் ஏழு நாள் பூட்டி வைக்கப்பட்டவர், கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டவர். பூட்டும் கட்டும் அவர் உடம்பு அறிந்தவை. முதுமையில் வடக்கே நடக்கத் தொடங்குகிறார். காளத்தி, சீபருப்பதம் என்று மலை மலையாகக் கடந்து காசிக்கும் அப்பால் போகிறார். காட்டுவழியில் பாதம் தேய்கிறது. கையை ஊன்றிப் போகிறார். கை மணிக்கட்டு வரை தேய்கிறது. மார்பால் உந்தி நகர்கிறார். மார்பும் நைந்து எலும்பு தெரிகிறது. பிறகு உருள்கிறார். எல்லா உறுப்பும் ஓய்ந்து ஓர் இடத்தில் கிடக்கிறார். அப்போது ஒரு முனிவர் எதிரே வருகிறார், கூடவே ஒரு தடாகமும் வருகிறது.

அந்த முனிவர் சிவபெருமான். கயிலை மானுடர் அடையும் இடம் இல்லை, திரும்பிப் போவதே நல்லது என்று எடுத்துச் சொல்கிறார். அப்பர் மறுக்கிறார்: பெருமானைக் காணாமல் இந்த உடம்போடு திரும்ப மாட்டேன் என்கிறார். இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். மறுத்த கிழவரை இறைவன் என்ன செய்தான்? தூக்கிப் போட்டுக்கொண்டு போகவில்லை. உன் நன்மைக்குத்தான் என்று கட்டவில்லை. இந்தக் குளத்தில் மூழ்கு, திருவையாற்றில் எழுந்து கயிலைக் காட்சியைக் காண்பாய் என்றான். போகும் இடம் மாறியது. பயணம் நிற்கவில்லை. அப்பர் தாமே குளத்தில் இறங்கினார், தாமே கரையேறினார், கண்டார்.

எல்லாம் வல்லவன் ஒரு முதியவரிடம் நடந்துகொண்ட முறை இது. முதலில் எதிரே வந்து நின்றான். பிறகு பேசினான். மறுப்பைக் கேட்டான். வேறு வழி ஒன்றைக் காட்டினான்.

அந்தப் பாட்டி விஷயத்தில் நாங்கள் இதைத்தான் செய்துபார்த்தோம். இல்லம் நடத்தும் அம்மா மனம் இசைந்தது பெரிய விஷயம். கட்டிலை மாற்றி, தரையோடு தாழ்ந்த கட்டில் போட்டார். பக்கத்தில் மெத்தை விரித்தார். வலது பக்கக் கண்ணாடி உடைந்து கிடந்த மூக்குக் கண்ணாடியை மகன் சரிசெய்து கொண்டுவந்தார். வழுக்காத செருப்பு. நாலு மணிக்கு அவர் கண் விழித்ததும் முதலில் கழிப்பறை, ஏனென்றால் முதியவர்கள் இரவில் எழுவதற்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பெரட்டு என்பது வாயில் வரும் சொல், வயிறு சொல்வது வேறு. பிறகு கையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி. கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும், அங்கிருந்து திரும்பவும். தூணைத் தொடுவார், நின்று உற்றுப் பார்ப்பார், கட்டைவிரலால் ஒரு கோடு இழுப்பார், சாய்வாக, மேலிருந்து கீழே. வெட்டுக்கோடு அது. என் அம்மாவின் கையும் அப்படித்தான் இழுக்கும். ஐந்து தூண் ஆனதும் களைத்துப்போய், “பாலு இன்னிக்குக் கம்மிதான்” என்று உட்கார்ந்து, மைலோ குடித்துவிட்டு ஏழு மணி வரை தூங்குவார். அந்த இரவுப் பணிப்பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தூணுக்குத் தூண் பாட்டியின் முழங்கையைத் தாங்கிக்கொண்டு கூடவே நடப்பாள்.

பாட்டி அதன் பிறகும் விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு, ஒருமுறை நெற்றியில் வீக்கம். மகன் வந்து நெற்றியைத் தடவிப் பார்த்தார். கட்டச் சொல்லவில்லை.

எல்லாரும் அப்படித் தப்புவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தன் காலில் நடமாடிக்கொண்டிருந்த இன்னொரு முதியவர் விழுந்து, தொடையெலும்பு முறிந்து, மருத்துவமனையில் நிமோனியா கண்டு இறந்தார். சவ அடக்கத்தன்று அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “கட்டி வச்சிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரா?” என்று கேட்டாள். நான் நினைத்ததை அவளிடம் சொன்னேன், இங்கும் சொல்கிறேன். கட்டிவைத்தால் சாவு தள்ளிப்போகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அசையாமல் கிடக்கும் உடம்பில் தசை வற்றும், மூட்டு இறுகும், புட்டத்திலும் குதிகாலிலும் புண் வைக்கும், சளி கட்டும், மலம் இறுகும். வற்றிய காலோடு ஒருநாள் எழ முயன்றால் விழுவது முன்னைவிட நிச்சயம். கட்டில் தடுப்பைத் தாண்டி ஏறுகிறவர் தாழ்ந்த கட்டிலிலிருந்து உருளுகிறவரைவிட உயரத்திலிருந்து விழுகிறார். கட்டிய துணியே கழுத்தில் இறுகிச் செத்தவர்களைப் பற்றி மருத்துவ உலகம் நிறையவே பதிவு செய்திருக்கிறது. கட்டு பாதுகாப்பு என்பதே முக்கால்வாசி நம்பிக்கைதான்.

ஆனால் என் வாதம் இந்தக் கணக்கில் நிற்கவில்லை. கட்டுவதால் ஒருவர் ஆறு மாதம் கூடுதலாக உயிரோடு இருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த ஆறு மாதத்தை அவரைக் கேட்காமல் அவர்மேல் சுமத்த நமக்கு அதிகாரம் இல்லை. உயிரைக் காப்பது அறம். உயிர் எதற்காக உடம்பெடுத்து வந்ததோ அதை நிறுத்திவிட்டு உடம்பை மட்டும் காப்பது அந்த அறத்தில் சேராது.

பெருஞ்சாலை ஓரத்தில் இருக்கும் இல்லத்தில் வாசல் கதவைத் திறந்து போடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையிலான பழைய சாலையில் லாரி போகும் வேகம் எனக்குத் தெரியும். வழி தெரியாத ஒருவர் சாலைக்குப் போகாமல் வாசலைப் பூட்டுவது வேறு, வளவுக்குள்ளேயே எழவிடாமல் கட்டுவது வேறு. பூட்டிய வாசலுக்கு உள்ளே நடக்க ஒரு சுற்றுப்பாதை, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, உட்கார ஒரு பெஞ்சு, ஒரு செம்பருத்திச் செடி இருந்தால் பூட்டு பாதி கரைந்துவிடும்.

வேறு நாடுகளில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஜப்பானில் 1998-இல் ஃபுகுவோக்காவைச் சேர்ந்த சில மருத்துவமனைகள் இனி முதியவர்களைக் கட்ட மாட்டோம் என்று கூட்டாக அறிவித்தன. 2000-இல் முதியோர் பராமரிப்புக் காப்புறுதித் திட்டம் வந்தபோது பராமரிப்பு இல்லங்களில் கட்டுவதை அரசாங்கமே தடைசெய்தது. எவையெல்லாம் கட்டு என்று பதினொரு செயல்களைப் பட்டியல் போட்டார்கள். நான் மேலே சொன்ன கம்பித் தடுப்பும் கையுறையும் எழ முடியாத நாற்காலியும் அளவுக்கு மீறிய மாத்திரையும் அதில் இருக்கின்றன. தவிர்க்கவே முடியாத நேரம் என்றால் மூன்று நிபந்தனை: உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாதிருக்க வேண்டும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1987-லேயே சட்டம் வந்தது. ஜெர்மனியில் நீதிபதியின் அனுமதி இல்லாமல் இல்லத்தில் ஒருவரைத் தொடர்ந்து கட்டிவைக்க முடியாது. கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் என்ற ஊரில் 2007-இல் ஒரு வழக்கம் தொடங்கினார்கள்: அனுமதி தருவதற்கு முன்னால், தாதிமை தெரிந்த ஒருவர் அந்த முதியவரின் சார்பில் இல்லத்துக்குப் போய், கட்டாமல் வேறென்ன செய்யலாம் என்று பணியாளர்களோடு உட்கார்ந்து பேசுவார். அது நாடு முழுக்கப் பரவியது. முதியவருக்காகப் பேச ஒரு ஆள். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

நம் மலேசியாவில் அந்த ஆள் யார்? கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு தனிமனித சுதந்திரத்தையும், 9-ஆவது பிரிவு குடிமக்கள் நாட்டுக்குள் நடமாடும் உரிமையையும் சொல்கின்றன. வயது வரம்பு எதுவும் அவற்றில் இல்லை. ஒருவரைச் சட்டத்துக்குப் புறம்பாக அடைத்துவைப்பது தண்டனைச் சட்டத்தின் 340-ஆவது பிரிவில் குற்றமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. இல்லங்களைப் பதிவு செய்ய 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டம் இருக்கிறது. தனியார் முதியோர் சுகாதாரப் பராமரிப்புக்கென்று 2018-இல் சட்டம் 802 வந்தது. பிள்ளையாய்ப் பிறந்ததால் மட்டும் புத்தி தடுமாறிய பெற்றோரின் உடம்பின்மேல் யாருக்கும் அதிகாரம் வந்துவிடாது. 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அதற்கு உயர்நீதிமன்றம் வரை போக வேண்டும். நடப்பில் மூத்த மகனின் கையெழுத்து ஒன்றே போதும் என்று இருக்கிறது. 2030-இல் இந்த நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 15 விழுக்காடு ஆகிவிடுவார்கள் என்கிறார்கள். ஏட்டில் இருப்பதை வாசற்படி வரை கொண்டுவர இனியும் காத்திருக்க முடியாது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்த நாடே வீட்டில் அடைபட்டது. இரண்டாவது வாரத்திலேயே என் தெருவில் இளைஞர்கள் மூச்சு முட்டுகிறது என்றார்கள். கதவு இருக்கிறது, கால் இருக்கிறது, போகத்தான் முடியவில்லை என்று தவித்தார்கள். அந்தத் தவிப்பை ஒருமுறை அறிந்த நாம், அதையே ஆயுள் முழுக்கச் சிலருக்கு வைத்திருக்கிறோம்.

இங்கே நந்தனாரையும் நினைக்க வேண்டும். தோட்டத்து மக்களுக்கு அவர் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேடையிலும் திரையிலும் பார்த்து அழுதவர்கள் அவர்கள். தில்லைக்கு நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லியே திருநாளைப்போவார் ஆனவர். கிராணியிடம் உத்தரவு கேட்டு, கங்காணியிடம் பேர் சொல்லி, ஒருநாள் லீவுக்குக் கெஞ்சிய தலைமுறைக்கு அது சொந்தக் கதை. அந்தத் தலைமுறைதான் இன்று இல்லங்களில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது உத்தரவு தர வேண்டியவர்கள் நாம். “கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டால், “நாளைக்குப் போலாம் பாட்டி” என்கிறோம். லாரி ஓட்டிய ஐயாவுக்குக் கோயில்கூட வேண்டாம். ஸ்டேஷனில் கொமியூட்டர் வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, யிக் முன் கடையில் ஒரு பாவ் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் போதும் என்கிறார். அவருக்கும் நாளைக்குத்தான். தில்லைப் பெருமான் நந்தனாரை நாளைக்கு வா என்று சொல்லவில்லை.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இராஜகோபுரத்துக்கு நன்கொடை வாங்குகிறோம், தேர் செய்கிறோம். வாசற்படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதை ஒன்று கட்டுங்கள். பிராகாரத்தில் கைப்பிடிக் கம்பி போடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் வேன் ஒன்றை அனுப்பி, பக்கத்து இல்லங்களில் இருக்கும் முதியவர்களில் வரக்கூடியவர்களை அழைத்து வாருங்கள். ஒரு சுற்று சுற்ற ஒரு மணி நேரம் ஆகட்டுமே. உழவாரம் ஏந்தி அடியார் நடக்கும் வழியில் புல் செதுக்கிய அப்பருக்கு இதைவிடப் பொருத்தமான குருபூசை எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளிடம் கேட்பது இன்னும் எளிது. அம்மாவையோ அப்பாவையோ இல்லத்தில் சேர்க்கும் நாளில் கொடுக்கும் படிவத்தை முழுவதும் படியுங்கள். தேவைப்பட்டால் கட்டிவைக்கச் சம்மதம் என்ற வரி இருந்தால் அதை அடித்துவிட்டு, ஏன் அடித்தீர்கள் என்று நடத்துபவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். இரவில் எத்தனை பேர் வேலைக்கு இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கூடுதலாக ஓர் ஆள் வைக்க மாதம் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டு, நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து அதைக் கொடுக்கப் பாருங்கள். தூக்க மாத்திரை தொடங்கினால் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று டாக்டரைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது பழம், பிஸ்கட்டோடு நிற்காமல், அவருக்குச் சரியான அளவில் செருப்பு இருக்கிறதா, கைத்தடி கைக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். பலகையைக் கழற்றச் சொல்லி, கைப்பிடித்து வாசல் வரைக்குமாவது நடத்திக் கூட்டிவாருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.